பால்மாட்டு மானியம் யாருக்குப் போனது என்று கேட்டால் "தனிப்பட்ட தகவல்" என்கிறார்கள்

கோப்பாய் மேய்ப்பன்:
வணக்கம் உறவுகளே. எங்கள் பக்கத்தில் பால் பண்ணையாளர்களுக்குப் பாதி மானியத்தில் பால் கறக்கும் இயந்திரமும் புல் வெட்டும் இயந்திரமும் கொடுத்திருக்கிறார்கள். மிச்சப் பாதியைப் பயனாளி கட்ட வேண்டும். எல்லாம் கொடுத்து முடிந்த பிறகுதான் எனக்கு விசயம் தெரியும். எனக்குக் கிடைக்கவில்லை என்பதல்ல பிரச்சினை (சரி, அதுவும் ஒரு பிரச்சினைதான்). என்னிடம் கறவையில் ஆறு மாடு, நாகு (இன்னும் கன்று ஈனாத இளம் பசு) இரண்டு. இயந்திரம் எடுத்த ஒருவரிடம் கறவையில் ஒன்றே ஒன்று, மற்றது பால் வற்றிவிட்டது. இயந்திரம் பெட்டி பிரிக்காமல் கொட்டிலுக்குள் கிடக்கிறது, அதற்கு மேல் பிண்ணாக்குச் சாக்கு அடுக்கியிருக்கிறது.

பணிமனைக்குப் போய்ப் பயனாளிகள் பட்டியலைப் பார்க்கலாமா என்று மரியாதையாகத்தான் கேட்டேன். "அது ஆக்களின்ர தனிப்பட்ட தகவல், காட்ட ஏலாது" என்று பதில். பொதுக்காசில் கொடுத்த பொருள் எப்படித் தனிப்பட்டதாகும்? சட்டம் தெரிந்த யாராவது சொல்லுங்கள். எந்தப் பணிமனை, எந்த அதிகாரி என்று இங்கே எழுதப்போவதில்லை. உள்பெட்டியிலும் கேட்காதீர்கள்.

தென்மராட்சி வாசுகி:
தனிப்பட்ட தகவலா? நல்ல கதை. எங்கள் ஊரில் கன்று கொடுத்த அன்று பின்னால் பதாதை கட்டி, மேசை போட்டு, அதிகாரியும் அரசியல்வாதியும் கயிற்றின் ஒரு நுனியைப் பிடிக்க, அந்த அக்கா மற்ற நுனியைப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்து நிற்கிற படம் முகநூலில் வந்தது. "கணவனை இழந்த குடும்பத் தலைவிக்கு வாழ்வாதார உதவி" என்று கீழே விளக்கம் வேறு. அவருடைய முகமும் வீட்டு நிலைமையும் உலகத்துக்கே தெரியலாம். எத்தனை பேருக்கு எவ்வளவு காசில் கொடுத்தார்கள் என்பது மட்டும் அந்தரங்கம்!

கறுப்புக் கோட்டு:
மேய்ப்பன் அண்ணை, அவர்கள் சொன்னது அந்தரத்தில் பிடுங்கிய சாட்டு அல்ல, சட்டத்தில் இருக்கிற விசயந்தான். ஆனால் பாதியைத்தான் சொல்லியிருக்கிறார்கள்.

இலங்கையின் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 5ஆம் பிரிவு, முதலாவது விதிவிலக்கு. பொது நடவடிக்கையோடோ பொதுநலனோடோ தொடர்பே இல்லாத தனிப்பட்ட தகவல் என்றால் மறுக்கலாம். ஒருவருடைய அந்தரங்கத்துக்குள் நியாயமில்லாமல் நுழைவதாக இருந்தாலும் மறுக்கலாம். அப்படியிருந்தும், வெளிப்படுத்துவதில் உள்ள பொதுநலன் பெரிதென்றால் கொடுக்கத்தான் வேண்டும். அரச நிதியில் ஒருவருக்குப் பொருள் கொடுப்பது பொது நடவடிக்கை இல்லையென்றால் வேறெதுதான் பொது நடவடிக்கை? அவருடைய அடையாள அட்டை இலக்கம், வங்கிக் கணக்கு, தொலைபேசி எண், நோய் நொடி, இதெல்லாம் தனிப்பட்டது. அவற்றை மறைத்துவிட்டு மிச்சத்தைத் தருவதற்கு 6ஆம் பிரிவில் இடம் உண்டு. ஒரு நிரலை மறைக்க வேண்டும் என்பதற்காக முழுத் தாளையும் பூட்டி வைக்கத் தேவையில்லை.

இன்னொன்று. வாயால் கேட்டால் வாயால்தான் பதில் வரும். எழுத்தில் கேளுங்கள். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்ல வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று தகவல் அலுவலர் தீர்மானிக்க வேண்டும். மறுத்தால் 14 நாட்களுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு (மேன்முறையீட்டைப் பார்ப்பதற்கென்று நியமிக்கப்பட்டவர்) மேன்முறையீடு, அவருக்கு மூன்று கிழமை அவகாசம். அதற்குப் பிறகும் திருப்தி இல்லையென்றால் இரண்டு மாதத்துக்குள் கொழும்பில் உள்ள தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு.

கச்சேரிக் காகம்:
நான் இந்தத் துறைக்குக் கொஞ்சம் உள்ளே இருப்பவன், பெயர் வேண்டாம். எல்லாரும் உடனே ஊழல் என்று பாய்கிறீர்கள். ஊழல் இல்லை என்று சொல்ல வரவில்லை. ஆனால் மேய்ப்பன் சொன்ன கதை ஊழலே இல்லாமலும் நடக்கும். எப்படி என்று சொல்கிறேன்.

வருசத் தொடக்கத்தில் மாகாணத்துக்கான திட்டத்தில் "பால் கறக்கும் இயந்திரம், 50 வீத மானியம்" என்று ஒரு வரி இருக்கும். கால்நடை வைத்திய அதிகாரி பணிமனையில் ஏற்கெனவே விண்ணப்பப் பட்டியல் ஒன்று இருக்கும். போதனாசிரியர் (பணிமனையின் கள அலுவலர்) கொட்டில்களுக்குப் போய், எத்தனை மாடு, எத்தனை லீற்றர், புல் நட்டிருக்கிறதா, தண்ணீர் வசதி என்ன என்று பார்த்து எழுதுவார். அதுவரைக்கும் ஒழுங்காகத்தான் போகும். காசு வராது. ஆனி போகும், ஆவணி போகும். ஒக்டோபர் கடைசியில் கட்டுநிதி, அதாவது செலவழிக்கக் கையில் வரும் காசு, வருகிறது. டிசம்பர் 31க்குள் செலவழித்துப் பற்றுச்சீட்டு வைக்காவிட்டால் காசு திரும்பிப் போய்விடும். திரும்பிப் போனால் "வேலை செய்யாத பணிமனை" என்று கூட்டத்தில் ஏச்சு.

அப்போது என்ன நடக்கும்? பட்டியலில் முதலாவது ஆளுக்கு அழைப்புப் போகும். "பாதிக் காசை இந்தக் கிழமைக்குள் கட்டுங்கோ" என்பார்கள். ஆறு மாட்டுக்காரனிடம் அந்த நேரம் காசு இருக்காது, மாரி தொடங்கிவிட்டது, கையில் இருந்ததெல்லாம் தீவனத்துக்குப் போயிருக்கும். இரண்டாவது ஆளும் அப்படியே. பன்னிரண்டாவது ஆளின் மகன் கனடாவில். காசு மறுநாளே வந்துவிடும். இயந்திரம் அவருக்கு. கோவையில் (கோப்பில்) எல்லாம் சரியாக இருக்கும்: விண்ணப்பம், கையெழுத்து, பற்றுச்சீட்டு, படம். கணக்காய்வு வந்தாலும் கோவையைத்தான் பார்ப்பார்கள், மாட்டை அல்ல.

ஆகவே பெயர்ப் பட்டியலை வாங்கி வைத்துக்கொண்டு நீங்கள் ஒன்றும் கண்டுபிடிக்க மாட்டீர்கள். முதல் பதினொரு பேர் ஏன் விடுபட்டார்கள் என்று கேளுங்கள். அந்தத் தாளைத்தான் யாரும் கேட்பதில்லை.

கோப்பாய் மேய்ப்பன்:
காகம், நீங்கள் சொல்வது நெஞ்சில் குத்துகிறது. எனக்கு அழைப்பே வரவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வந்திருந்தால் கடன்பட்டாவது கட்டியிருப்பேன்.

வடமராட்சியான்:
நான் எதிர்ப்பக்கம் நிற்கிறேன், திட்டாதீர்கள்.

பெயரைப் பலகையில் ஒட்டினால் ஊரில் என்ன நடக்கும் என்று உங்கள் எல்லாருக்கும் தெரியும். 2023இல் அஸ்வெசும என்ற அரச நலன்புரிக் கொடுப்பனவுப் பட்டியலை வெளியிட்டு, மேன்முறையீடும் ஆட்சேபனையும் செய்யலாம் என்று விட்டார்களே. தகுதி இருந்தும் விடுபட்டவர்கள் மேன்முறையீடு செய்தது நல்ல விசயம். ஆட்சேபனைப் பக்கத்தில் நடந்தது என்ன? எங்கள் ஒழுங்கையில் வேலித் தகராறு இருந்த ஆள் பக்கத்து வீட்டுக்காரிக்கு எதிராகப் போட்டார். மொட்டைக் கடதாசி எழுதுவதில் நாங்கள் கலாநிதிப் பட்டம் எடுத்தவர்கள். ஒரு கன்றுக்குட்டி வாங்கிய பாவத்துக்கு அந்த மனிசி விதானையாரிடமும் (கிராம அலுவலர்) பிரதேச செயலகத்திடமும் அலைய வேண்டுமா?

மாட்டுக் களவு வேறு. இன்ன வீட்டில் புதிதாக நல்லின மாடு நிற்கிறது என்று நாங்களே விலாசத்தோடு அறிவித்தால் கள்ளனுக்கு வேலை மிச்சம்.

ஹனோவர் செல்வன்:
வடமராட்சியான் சொன்ன அதே வாதத்தை இங்கே ஜேர்மன்காரர் நீதிமன்றம் வரை கொண்டு போனார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் பால்மாட்டுப் பண்ணைகள் உட்பட எல்லாக் கமக்காரர்களுக்கும் வருடா வருடம் நேரடியாகக் காசு கொடுக்கிறார்கள். யாருக்கு எவ்வளவு என்பதை வெளியிட வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். ஹெசன் மாநிலத்தில் ஒரு கூட்டுப் பண்ணையும் ஒரு தனிப் பண்ணையாளரும் வழக்குப் போட்டார்கள். 2010 நவம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பு: கம்பனிகளின் விபரத்தைப் போடலாம், ஆனால் எவ்வளவு தொகை, எத்தனை தடவை, எவ்வளவு காலம் என்ற வேறுபாடு ஒன்றும் பார்க்காமல் தனியாட்கள் எல்லாரின் பெயரையும் இணையத்தில் போட்டது அளவுக்கு மீறியது.

கதை அதோடு முடியவில்லை. 2013இல் விதியைத் திருத்தினார்கள். 1,250 யூரோவுக்குக் குறைவாக வாங்கும் சின்ன ஆட்களின் பெயர் வராது, ஒரு குறியீடு மட்டும் வரும். அதற்கு மேல் வாங்குபவர்களின் பெயர், ஊர், தொகை, என்ன திட்டம் என்பது வரும். இரண்டு வருடம் இருக்கும், பிறகு எடுத்துவிடுவார்கள். நான் வேலைக்குப் போகும் வழியில் உள்ள பண்ணைக்கு எவ்வளவு போகிறது என்று நானே தேடிப் பார்த்திருக்கிறேன், பொழுது போகாத ஒரு ஞாயிறு.

இதில் பெரிய ஆட்கள்தான் வெளியே வந்தார்கள் என்பதையும் மறக்கக்கூடாது. பிரித்தானியா 2005இல் முதன்முதலாகப் பட்டியலை விட்டபோது அதில் இருந்தது ஏழைக் கமக்காரன் மட்டுமல்ல. மகாராணியின் பண்ணை இருந்தது. டேட் அன்ட் லைல் என்ற சீனிக் கம்பனி கோடிக் கணக்கில் வாங்கியிருந்தது.

கறுப்புக் கோட்டு:
நல்ல தகவல் செல்வன். இலங்கையிலும் 2022இன் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்திருக்கிறது. இனி எல்லாப் பணிமனையும் அதைத் தூக்கிக் காட்டப் போகிறது, பார்த்துக்கொண்டிருங்கள்.

செஞ்சிக்காரன்:
தமிழ்நாட்டிலிருந்து ஒரு குரல், மன்னிக்கவும். பட்டியலைப் போட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பாதீர்கள். எங்கள் விழுப்புரம், பக்கத்துக் கள்ளக்குறிச்சி, கடலூர் மாவட்டங்களில் 2020இல் நடந்தது பெரிய கூத்து. மத்திய அரசின் பி.எம். கிசான் திட்டத்தில் விவசாயிக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய் மூன்று தவணையாக வங்கியில் விழும். அதிகாரிகளின் கடவுச்சொல்லைப் பயன்படுத்தி, நிலமே இல்லாதவர்களையெல்லாம் தரகர்கள் ஏற்றிவிட்டார்கள். தமிழ்நாடு முழுக்க ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட தகுதியில்லாத ஆட்கள், 110 கோடி ரூபாய். மாநிலக் குற்றப்புலனாய்வுப் போலீசான சி.பி.சி.ஐ.டி. விசாரணை வரைக்கும் போனது. ஊர்வாரியாகப் பயனாளிகள் பட்டியலைப் பார்க்கிற வசதி அந்தத் தளத்திலேயே உண்டு. யார் உட்கார்ந்து பார்க்கிறார்கள்?

ராஜஸ்தானில் 1990களில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்ற அமைப்பு செய்ததுதான் எனக்குப் பிடித்த வழி. கூலிப்பட்டியலை வாங்கி, ஊரைக் கூட்டி, சத்தமாக வாசித்தார்கள். வேலைக்கே வராதவன் பெயரும் செத்துப்போனவன் பெயரும் வாசிக்கப்பட்டபோது கூட்டத்திலிருந்தே பதில் வந்தது. 2005 தகவல் உரிமைச் சட்டத்துக்கு வேர் அங்கேதான்.

பாலுக்கு வந்தால், 2023 டிசம்பரில் எங்கள் அரசு, கூட்டுறவுப் பால் நிறுவனமான ஆவினுக்குப் பால் ஊற்றுபவர்களுக்கு லிட்டருக்கு 3 ரூபாய் ஊக்கத்தொகை அறிவித்தது. இதில் பயனாளியைத் தேர்ந்தெடுக்கும் வேலையே கிடையாது. ஊற்றிய லிட்டருக்குக் காசு, அவ்வளவுதான். அங்கேயும் இப்படிச் செய்யலாமே?

கோப்பாய் மேய்ப்பன்:
செஞ்சியார் சொன்னதில்தான் எனக்கு ஒரு பிடி கிடைக்கிறது. காலையில் பால் கொண்டுபோனால் சேகரிப்பு நிலையத்தில் என்ன செய்கிறார்கள்? உயரமான பாத்திரத்தில் பாலை ஊற்றி, பால்மானியை விட்டு, அது ஆடி நின்ற பிறகு கோட்டைப் பார்ப்பார்கள். மாதிரி எடுத்துக் கொழுப்புப் பார்ப்பார்கள். லீற்றரையும் அளவையும் என் கொப்பியிலும் எழுதுவார்கள், தங்கள் பதிவிலும் எழுதுவார்கள். வருசம் முழுக்க இப்படித்தான். யார் உண்மையான பால்காரன் என்று அந்தப் பதிவைவிடத் தெளிவாக எந்தப் போதனாசிரியராலும் சொல்ல ஏலாது. மானியப் பட்டியலையும் பால் பதிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பிண்ணாக்குச் சாக்குக்குக் கீழே கிடக்கிற இயந்திரம் தானாக வெளியே வந்துவிடும்.

தென்மராட்சி வாசுகி:
மேய்ப்பன் அண்ணை, நில்லுங்கோ. அப்படிச் செய்தால் முதலில் அடிபடுவது என்னைப் போன்ற ஆட்கள். நான் கூட்டுறவுச் சங்கத்துக்குப் பால் கொடுப்பதில்லை. இரண்டு மாடு, விடியப் போத்தலில் ஊற்றிப் பக்கத்து வீடுகளுக்கும் சந்தித் தேத்தண்ணீர்க் கடைக்கும் கொடுக்கிறேன். சங்க விலையைவிட நாலு காசு கூட வரும், அதுவும் கையில் வரும். என்னுடைய பால் எந்தப் பதிவிலும் இல்லை. யாழ்ப்பாணத்தில் என்னைப் போல எத்தனை பெண்கள் என்று ஒழுங்கையில் சைக்கிளில் போகிற போத்தல்களைப் பார்த்தாலே தெரியும். லீற்றருக்குக் காசு என்றால், பதிவுக்குள் இல்லாதவள் பால்காரியே இல்லை என்று ஆகிவிடும்.

பூநகரிப் பட்டி:
எங்களுக்கு இயந்திரமும் இல்லை, சங்கமும் தூரம். பட்டி மாடு, மேய்ச்சல் மாடு. 2022 டிசம்பரில் மாண்டஸ் புயலோடு வந்த குளிரில் வடக்குக் கிழக்கில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாடுகள் ஒரே மூச்சில் செத்தது நினைவிருக்கும். வெளியில் நனைந்து நின்ற மாடு விறைத்து அப்படியே விழுந்தது. அப்போது எங்கள் பக்கத்தில் பெரிய கேள்வி, யாருக்கு எத்தனை செத்தது என்பதை எதை வைத்து நிரூபிப்பது? காதில் இலக்கம் குத்தியிருந்த மாட்டுக்குக் கணக்கு இருந்தது. குத்தாத மாடு உயிரோடு இருந்ததற்கே சாட்சி இல்லை. காட்டில் திரிகிற நாம்பனுக்கு யார் இலக்கம் குத்தினார்கள்?

நீங்கள் பட்டியலைத் திறக்கச் சொல்லிக் கேளுங்கள், நல்லது. பட்டியலுக்குள் எப்படிப் போவது என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

மட்டுறுத்துநர்:
மேலே ஒரு பதிவில் அதிகாரி ஒருவரின் பெயரும் ஊரும் இருந்தன, நீக்கியிருக்கிறேன். இனியும் போட்டால் இழை பூட்டப்படும்.

வடமராட்சியான்:
என் பதிவு அல்ல அது!

சரி, நான் கொஞ்சம் இறங்கி வருகிறேன். செல்வன் சொன்ன 1,250 யூரோ மாதிரி ஒரு கோடு கிழித்தால் எனக்குச் சம்மதம். கன்றுக்குட்டி, ஐந்து கோழி, தீவன மூட்டை வாங்கியவரின் பெயர் வேண்டாம். எண்ணிக்கையும் கிராம அலுவலர் பிரிவும் போதும். இலட்சக் கணக்கில் மானியம் எடுத்துப் பண்ணை போடுகிறவரின் பெயர் வரட்டும். அவர் தொழில்முனைவோர், ஒளிய வேண்டியதில்லை.

கச்சேரிக் காகம்:
அது நடக்கக்கூடிய யோசனை. பெரிய காசு எங்கே போனது என்பதுதான் எப்போதும் பின்னுக்குத் தள்ளப்படுகிறது. ஆஸ்திரேலியாவிலிருந்து 20,000 கறவை மாடு கொண்டுவருவதாகத் திட்டம் போட்டு, 5,000 வந்து, வெக்கையும் நோயும் தாங்காமல் மாடும் செத்து, கடன்பட்டு வாங்கிய பண்ணையாளரும் நொடிந்த கதையை எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறீர்கள்? கணக்காய்வாளர் தலைமை அதிபதியின் அறிக்கை வெளியே வந்தபடியால் அதைப் பற்றிக் கதைக்கவாவது முடிந்தது. மாகாண மட்டத்தில் அந்த அளவுக்குக்கூட வெளிச்சம் இல்லை. வடக்கு மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது, இன்னும் தேர்தல் இல்லை. முன்பு ஒரு உறுப்பினர் எழும்பி "இந்த இயந்திரம் யாருக்குக் கொடுத்தீர்கள்" என்று கேட்டால் பதில் சபைக் குறிப்பில் ஏறும். இப்போது யார் எழும்புவது?

தென்மராட்சி வாசுகி:
பிரதேச ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்தில் கேட்கலாம். ஆனால் அங்கே மண் அகழ்வும் மதுபானக் கடையும் முடிய மத்தியானச் சாப்பாடு வந்துவிடும். மாடு கடைசி நிகழ்ச்சிநிரல்.

செஞ்சிக்காரன் சொன்ன வாசிக்கிற வழி எனக்கும் பிடித்திருக்கிறது. ஆனால் ஊரைக் கூட்டி அல்ல. பால் பண்ணையாளர் கூட்டுறவுச் சங்கப் பொதுக்கூட்டத்தில் வாசியுங்கள், என்னைப் போன்ற சங்கத்தில் இல்லாத ஆட்களையும் அன்று கூப்பிடுங்கள். எவரிடம் எத்தனை மாடு என்று அறிந்த ஆட்கள் அங்கேதான் இருக்கிறார்கள். வேலித் தகராறுக்காரர் அங்கே வரமாட்டார். மொட்டைக் கடதாசிக்காரரும் எழும்பிப் பேசமாட்டார்.

கோப்பாய் மேய்ப்பன்:
வாசுகி, வாங்கோ. உங்களை நானே கூப்பிடுகிறேன். இப்போது சொல்லுங்கள் கோட்டு, என்ன எழுதிக் கேட்பது?

கறுப்புக் கோட்டு:
"பட்டியலைத் தரவும்" என்று எழுதாதீர்கள், மறுப்பதற்கு நீங்களே வாசலைத் திறந்து விடுகிறீர்கள். இப்படி எழுதுங்கள், தேவைக்கு மாற்றிக்கொள்ளலாம்:

"கடந்த நிதியாண்டில் தங்கள் பணிமனைப் பிரிவில் 50 வீத மானியத்தில் வழங்கப்பட்ட பால் கறக்கும் இயந்திரங்கள், புல் வெட்டும் இயந்திரங்கள் ஆகியவற்றின் எண்ணிக்கை, ஒவ்வொன்றின் கொள்வனவு விலை, மானியத் தொகை, பயனாளிகளைத் தெரிவுசெய்யப் பயன்படுத்தப்பட்ட தகுதி நிபந்தனைகளும் புள்ளித் திட்டமும், முன்னுரிமை வரிசையில் இருந்த விண்ணப்பங்களின் பட்டியலும், வரிசையில் முன்னால் இருந்தும் வழங்கப்படாதவற்றுக்கான காரணமும், விண்ணப்பதாரருக்கு அறிவிக்கப்பட்ட திகதியும் பங்களிப்புத் தொகையைச் செலுத்த வழங்கப்பட்ட கால அவகாசமும், வழங்கிய பின் மேற்கொள்ளப்பட்ட கள ஆய்வு அறிக்கைகள். அடையாள அட்டை இலக்கம், வங்கிக் கணக்கு, தொலைபேசி எண் என்பவற்றை மறைத்து வழங்கலாம்."

காகம் சொன்ன பதினொரு பேரின் தாள் நடுவில் இருக்கிறது, பாருங்கள். இன்னொன்றும் இருக்கிறது. அதே சட்டத்தின் 9ஆம் பிரிவின்படி 5 இலட்சம் ரூபாவுக்கு மேற்பட்ட உள்நாட்டு நிதித் திட்டத்தின் விபரத்தை, தொடங்குவதற்கு மூன்று மாதத்துக்கு முன்பே பொதுமக்களுக்கு அறிவிப்பது அமைச்சரின் கடமை. அது நடந்ததா, எங்கே அறிவித்தார்கள் என்று கடைசி வரியில் ஒரு கேள்வி போடுங்கள். வெளிநாட்டு நிதியில் மாடு கொடுக்கும் தொண்டு நிறுவனங்களும் பெரும்பாலும் இந்தச் சட்டத்துக்குள் வரும். பூநகரிக்காரர் கவனிக்கவும்.

பூநகரிப் பட்டி:
கவனித்தேன். எங்களுடையதில் "காதில் இலக்கம் குத்துவதற்குக் கடந்த மூன்று வருடத்தில் எந்தெந்தக் கிராமங்களுக்கு எப்போது வந்தீர்கள்" என்பதையும் சேர்க்கிறேன்.

கச்சேரிக் காகம்:
மேய்ப்பன், பதிவுத் தபாலில் போடாதீர்கள். நேரே கொண்டுபோய்க் கொடுத்து, கிடைத்ததற்கான பற்றுச்சீட்டைக் கையோடு வாங்குங்கள். அடுத்த வருசத்துக்கான விண்ணப்பத்தையும் அன்றே கொடுத்துவிடுங்கள். இரண்டையும் ஒரே நாளில் கொடுத்தால் உங்களுக்கு வரவேண்டிய அழைப்பை யாரும் மறக்க மாட்டார்கள்.

கோப்பாய் மேய்ப்பன்:
திங்கள் போகிறேன். பற்றுச்சீட்டைப் படம் எடுத்து இங்கே போடுகிறேன், பெயர் முத்திரையை மறைத்துத்தான். மட்டுறுத்துநர் கோபிக்க வேண்டாம்.